மோல்மேன் சந்தைக் கோழி மருந்துக் கடை: என் அனுபவம்

ஆற்றோரச் சந்தைக்குப் பின்னால், கயிறும் வலையும் விற்கிற வரிசையில் கடைசிக் கடை. பலகை பர்மிய எழுத்தில் இருக்கும்; உள்ளே உட்கார்ந்திருப்பவர் நம்மவர். பர்மாவில் இந்த மோல்மேன் ஊரில் வீட்டோடு நாலு கோழி வளர்ப்பவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

என்னிடம் பெரிய கோழிகள் ஐந்து. ஜூன் கடைசியில் இரண்டரை மாத விடைகள், அதாவது இளங்கோழிகள், நான்கு வாங்கி, அன்றைக்கே அதே கூட்டில் விட்டேன். அது பெரிய தப்பு. வருஷத்துக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர் இது. அந்த மாதங்களில் கோழியைத் திறந்துவிட வழியே இல்லை, ஒன்பதும் உள்ளேயே கிடந்தன. சிவப்பி என்கிற பெரிய கோழி, விடைகளைத் தீவனத் தட்டுப் பக்கம் அண்டவிடவில்லை. சாம்பல் நிற விடைக்கு வாலடியில் இறகு போய்ச் சதை தெரிந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் மற்றவையும் சேர்ந்து கொத்த ஆரம்பித்தன.

முதலில் வேறொரு கடைக்குப் போனேன். ஒன்றும் கேட்காமல் ஆன்டிபயாடிக் பொட்டலத்தைக் கொடுத்தார்கள். மூன்று நாள் கொடுத்தும் ஒரு விடை செத்துப்போனது. அப்புறம்தான் இந்தக் கடை.

"புண்ணுக்கு மருந்து கொடுங்கண்ணே" என்றேன்.

"புண்ணு இருக்கட்டும் தங்கச்சி. எச்சம் எப்படி இருக்கு?"

நான் பார்க்கவே இல்லை. மறுநாள் விடிய விடைகளுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, விழுந்ததை மடித்து எடுத்துப் போனேன். முகம் சுளிக்காமல் பிரித்து, வாசல் வெளிச்சத்தில் ஈர்க்குச்சியால் புரட்டினார். காப்பி நிறக் கழிச்சல், அதில் சளியோடு நூல் நூலாக ரத்தம். கழுத்து திருகுகிறதா, மூச்சு இழுக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றதும், "வெள்ளைக்கழிச்சல் மாதிரி தெரியல, இது ரத்தக்கழிச்சல்" என்றார். ஈரமான கூட்டில் பெருகுகிற காக்சிடியா என்ற கிருமியாம். பெரிய கோழிகள் ஏற்கெனவே பட்டுத் தேறியிருக்கும். எச்சத்தில் மட்டும் கிருமியைப் போட்டுக்கொண்டே இருக்கும். புதிதாக வந்த விடைகளுக்கு அந்தத் தாங்கும் சக்தி இல்லை. நோவில் இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி நின்றதைத்தான் சிவப்பி தேடித் தேடிக் கொத்தியிருக்கிறது. நான் கொத்துவதை மட்டும் பார்த்தேன், நோயைப் பார்க்கவில்லை. இதை நினைத்தால் இன்னமும் மனசு கஷ்டப்படுகிறது.

ஆம்ப்ரோலியம் பொடி கொடுத்தார். லேபிள் தாய்லாந்து எழுத்தில் இருந்தது. லிட்டருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டு, பொட்டலத்தின் மேலேயே தமிழில் எழுதினார்: "5 நாள். எல்லாக் கோழிக்கும். வேற தண்ணி வைக்காதே." வைட்டமின் பொடியும் கேட்டேன், தர மறுத்துவிட்டார். கிருமிக்கு பி1 வைட்டமின் கிடைக்காமல் தடுப்பதுதான் இந்த மருந்தின் வேலை, கூடவே வைட்டமின் கொடுத்தால் மருந்து வீண், முடிந்த பிறகு வா என்றார். காசை நீட்டியும் விற்க மாட்டேன் என்ற கடைக்காரரை நான் அதுவரை பார்த்ததில்லை.

புண்ணுக்கு ஜென்ஷன் வயலட், ஊதா மருந்து. தடவினால் சிவப்பு மறைந்துவிடும், கொத்துவதும் குறையும். துணி பத்திரம், கறை போகாது.

கூட்டுக்கும் யோசனை சொன்னார். ஈர உமியை அள்ளிவிட்டுக் காய்ந்த உமி போட்டேன். எதிர் மூலையில் இன்னொரு தீவனத் தட்டு வைத்தேன். சிவப்பியை நான்கு நாள் கண்ணில் படாத இடத்தில் பஞ்சாரக் கூடைக்குள் அடைத்தேன். திரும்பி வந்தபோது பழைய அதட்டல் இல்லை. சாம்பல் விடையை மட்டும் கூட்டுக்குள்ளேயே, மற்றவை பார்க்கிற மாதிரி இன்னொரு பஞ்சாரத்தில் வைத்தேன். புண் காய்ந்ததும், இருட்டிய பிறகு, மற்ற கோழிகளுக்கு நடுவில் கம்பில் ஏற்றிவிட்டேன். மருந்து கொடுத்த மூன்றாம் நாளே எச்சத்தில் ரத்தம் நின்றிருந்தது. மீதி மூன்று விடைகளும் பிழைத்துக்கொண்டன.

குறை இல்லாமல் இல்லை. சில மருந்துகளைப் பிரித்துச் சின்னப் பொட்டலமாகக் கட்டி விற்கிறார், அதில் காலாவதித் தேதி இருக்காது. முழுப் பையாகவே கேட்டு வாங்குங்கள். விலையும் கொஞ்சம் கூடுதல்தான், எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மதியத்துக்கு மேல் கடை மூடியிருக்கும். காலையிலேயே போங்கள், அன்றைய எச்சத்தைக் காகிதத்தில் மடித்துக் கையோடு கொண்டு போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்.