செஷல்ஸ்: சொந்தக் கப்பலா, வெளிநாட்டுப் படையா?

இந்தியப் பெருங்கடலில் உள்ள தீவு நாடு செஷல்ஸ்: 115 தீவுகள், சுமார் ஒரு லட்சம் மக்கள். ஆனால் காவல் காக்க வேண்டிய கடற்பரப்போ 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேல். சோமாலியக் கடற்கொள்ளையர்கள் அங்கே நுழைந்தபோது செஷல்ஸ் முன்னே இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று, சொந்தக் கடலோரக் காவல்படையை வைத்துச் சமாளிப்பது. இதைக் குறைவாக எடை போடக்கூடாது. 2005-இல் இந்தியா கொடுத்த 'டோபாஸ்' கப்பல்தான் 2010 மார்ச்சில் கொள்ளையரிடம் சிக்கிய செஷல்ஸ், ஈரான் மீனவர்களை மீட்டது. உள்ளூர்ப் படைக்குத் தன் கடல் தெரியும், கட்டளையும் தன் கையில் இருக்கும். ஆனால் விரல் விட்டு எண்ணக்கூடிய கப்பல்களால் இவ்வளவு பெரிய கடலை எப்படிச் சுற்றி வருவது?

இன்னொன்று, 2009-இல் ஐரோப்பிய ஒன்றியத்துடன் செய்த ஒப்பந்தம். கடற்கொள்ளையை ஒடுக்க ஒன்றியம் நடத்திய 'அட்டலாண்டா' கடற்படை நடவடிக்கையின் படைகள் செஷல்ஸில் தங்க அது வழிவிட்டது. கண்காணிப்பு விமானங்கள் வந்தன, பார்வை எட்டும் தூரம் பெருகியது. சரி, பிடிபட்டவர்களை யார் விசாரிப்பது? அந்தச் சுமையைச் செஷல்ஸ் நீதிமன்றங்களும் சிறைகளும் ஏற்றன. அதோடு, வெளிநாட்டு வீரர்களுக்குத் தனிச் சட்டப் பாதுகாப்பும் தர வேண்டியிருந்தது. இறையாண்மையில் அது சிறிய விட்டுக்கொடுப்பு அல்ல.

மீன்பிடியையும் சுற்றுலாவையும் நம்பி வாழும் நாடு, காத்திருக்க நேரமில்லை. அந்த நிலையில் ஒப்பந்தமே சரியான தேர்வு என்பது என் கருத்து. டோபாஸ் போன்ற கப்பல்கள் அதற்குப் பக்கபலமாக இருக்க வேண்டும்.