ரோமில் வாடகைக் காரை எங்கே திருப்பிக் கொடுப்பது: டெர்மினியா, ஃபியுமிசினோவா, ஒர்வியேட்டோவா?

இத்தாலியில் கார் எடுத்து ஓட்டிப் பார்க்கலாம் என்று தீர்மானிக்கும் சென்னைக் குடும்பங்கள், எந்த ஊரில் வண்டியை எடுப்பது, எவ்வளவு பெரிய வண்டி வேண்டும் என்பதையெல்லாம் வாரக்கணக்கில் பேசுகின்றன. எங்கே திருப்பிக் கொடுப்பது என்பதை மட்டும், முன்பதிவுப் படிவத்தில் 'ரோம்' என்று தொடங்கும் முதல் பெயரை அழுத்தி முடித்துவிடுகின்றன. நாங்களும் அப்படித்தான் அழுத்தினோம். எங்கள் பயணத்தில் வீணாகப் போன பணம் முழுவதும் அந்த ஓர் அழுத்தலில் தொடங்கியதுதான்.

ரோமில் பயணத்தை முடிப்பவர்களுக்கு நடைமுறையில் மூன்று வழிகள் உள்ளன. நகரின் நடுவே உள்ள டெர்மினி ரயில் நிலையத்தை ஒட்டிய அலுவலகங்களில் கொடுக்கலாம். நகரிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளி, கடற்கரைப் பக்கம் இருக்கும் ஃபியுமிசினோ விமான நிலையத்தில் கொடுக்கலாம். அல்லது ரோமுக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டரில் உள்ள ஒர்வியேட்டோ போன்ற ஒரு சிற்றூரிலேயே வண்டியை விட்டுவிட்டு ரயிலில் நகருக்குள் வரலாம். எங்கள் உறவு வட்டத்தில் மூன்று குடும்பங்கள் இந்த மூன்றையும் செய்து பார்த்துவிட்டன: டெர்மினி எங்கள் பங்கு, ஃபியுமிசினோ அக்கா குடும்பத்தினுடையது, ஒர்வியேட்டோ மைத்துனர் குடும்பத்தினுடையது. மூவரும் ஃப்ளாரன்ஸில் கார் எடுத்து, ஏ1 நெடுஞ்சாலை வழியாகத் தெற்கு நோக்கி வந்தவர்கள் என்பதால் ஒப்பிடுவது எளிது.

வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டி வாங்கும் சர்வதேச ஓட்டுநர் அனுமதிச் சீட்டு, ஓர் ஆண்டுக்குச் செல்லும் அந்தச் சாம்பல் நிறப் புத்தகம், மூன்று வழிகளுக்கும் பொதுவானது. அதைப் பற்றி இங்கே விரிக்கத் தேவையில்லை.

டெர்மினியின் கவர்ச்சி வெளிப்படையானது. தங்கும் விடுதி நடந்து போகும் தூரத்தில் இருக்கும். பெட்டிகளை விடுதியில் இறக்கிவிட்டு, வண்டியைக் கொடுத்துவிட்டு, அன்று மாலையே ஊர் சுற்றக் கிளம்பலாம். வரைபடத்தில் பார்க்கும்போது இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இல்லை என்று தோன்றும். வரைபடம் சொல்லாதது, போக்குவரத்துக் கட்டுப்பாட்டுப் பகுதி என்று பொருள்படும் இஸட்.டி.எல். வளையத்தை. பங்குனியில் அறுபத்து மூவர் உற்சவத்தன்று மயிலாப்பூர் மாட வீதிகளுக்குள் காரோடு நுழைய யாரும் நினைப்பதில்லை. நினைத்தாலும் முனையில் தடுப்பும் காவலரும் இருப்பார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். ரோமின் பழைய மையப் பகுதி வார நாட்களில் காலை 6.30 முதல் மாலை 6 மணி வரையும், சனிக்கிழமை பிற்பகலிலும், வெள்ளி, சனி இரவுகளிலும் அப்படிப்பட்ட மாட வீதிதான். ஆனால் அங்கே தடுப்பும் இல்லை, காவலரும் இல்லை. தலைக்கு மேல் கேமரா மட்டும் உண்டு. அதன் அருகே ஒளிரும் பலகையில் 'வார்கோ அத்தீவோ' என்று எழுதியிருக்கும். அதை 'வாயில் செயல்பாட்டில் உள்ளது' என்று மொழிபெயர்த்துப் படித்து, வாயில் திறந்திருக்கிறது என்று புரிந்துகொண்டு உள்ளே நுழைபவர்கள் ஏராளம். செயல்பாட்டில் இருப்பது தடை. உள்ளே போகக் கூடாது என்பதே அதன் பொருள்.

டெர்மினி நிலையம் அந்த வளையத்துக்குச் சற்று வெளியேதான் இருக்கிறது. ஆனாலும் அதைச் சுற்றியுள்ள ஒருவழிப் பாதைகளில் ஒரு திருப்பம் தவறினால், வண்டி நம்மை எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்ல முடியாது; பேருந்துக்கும் டாக்சிக்கும் மட்டுமே உரிய தடங்களிலும் கேமராக்கள் உள்ளன. வாழ்நாள் முழுவதும் சாலையின் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர், வலப்பக்கம் ஓட்டத் தொடங்கிப் பத்தே நாளான நிலையில், பின்னாலிருந்து வரும் ஸ்கூட்டர்களின் ஒலிப்பானுக்கு நடுவே இதையெல்லாம் படித்துக்கொண்டு போக வேண்டும். அண்ணா சாலை மாலை நெரிசலில் ஓட்டியவனுக்கு ரோம் எம்மாத்திரம் என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். நெரிசல் உண்மையில் ஒரு பொருட்டே இல்லை. தவறு செய்தால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும் என்ற நம் பழக்கம்தான் அங்கே காலை வாரிவிட்டது.

வண்டியை நிலையத்து வாசலில் கொடுக்க முடியாது என்பதும் போன பிறகுதான் தெரிந்தது. அலுவலக மேசை நிலையத்துக்குள் இருக்கிறது. வண்டியை விடவேண்டிய இடம் பக்கத்துத் தெருவில் உள்ள பல அடுக்கு வண்டி நிறுத்தகம். அதன் நுழைவுச் சரிவை நான் ஒருமுறை தவறவிட்டதில் மீண்டும் சுற்றி வர நாற்பது நிமிடங்கள் ஆயின. வாடகை நாள் என்பது எடுத்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று கணக்கிடப்படுவதால், சலுகை நேரம் தாண்டிவிட்டால் இன்னொரு நாள் வாடகை சேர்ந்துவிடும். அந்தப் பதற்றத்தில், கடைசியாகப் பெட்ரோல் நிரப்பும் வேலையையும் விட்டுவிட்டேன். நிறுவனமே நிரப்பிக்கொண்டு, எரிபொருளின் விலையோடு அதைவிடச் சற்றே குறைவான ஒரு சேவைக் கட்டணத்தையும் கார்டில் பிடித்துக்கொண்டது. விதிப்படி சரிதான், கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் அது இருந்தது.

எட்டு மாதங்கள் கழித்துக் கார்டில் இன்னொரு சிறு தொகை கழிக்கப்பட்டது. அபராதம் கட்டியாயிற்று என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியடைந்தோம். அது அபராதமே இல்லை. கேமராவில் பதிவான வண்டியின் ஓட்டுநர் யார் என்ற விவரத்தை நகராட்சிக்கு எழுதி அனுப்பியதற்காக நிறுவனம் எடுத்துக்கொண்ட நிர்வாகக் கட்டணம் அது. உண்மையான அபராத அறிவிப்பு அதற்குப் பிறகுதான் பதிவுத் தபாலில் வந்தது. வெளிநாட்டில் வசிப்பவருக்கு அறிவிப்பை அனுப்ப இத்தாலியச் சட்டம் 360 நாள் அவகாசம் தருகிறது. ஒவ்வொரு கேமராவைக் கடப்பதும் தனித்தனிக் குற்றம். கிடைத்த ஐந்து நாட்களுக்குள் கட்டினால் 30 சதவீதம் குறையும் என்பது ஒன்றே ஆறுதல்.

ஃபியுமிசினோவுக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் கிடையாது. ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து ரோமைச் சுற்றிவரும் வட்டச்சாலையில் இறங்கி, அதிலிருந்து விமான நிலையத்துக்குச் செல்லும் ஏ91 சாலையைப் பிடித்தால் போதும். நகரத்தின் ஒரு தெருவைக்கூடத் தொட வேண்டியதில்லை. நம் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையைப் போன்றதுதான் அந்த வட்டச்சாலை; 68 கிலோமீட்டருக்கு ரோமை முழு வட்டமாகச் சுற்றி வருகிறது, சுங்கமும் இல்லை. வாடகைக் கார்களைத் திருப்பிக் கொடுக்கும் இடத்துக்கு வழிகாட்டும் பலகைகள் தொலைவிலிருந்தே தொடர்ந்து வருகின்றன. அலுவலகங்கள் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். அங்கே கொடுப்பதால் விமான நிலையக் கூடுதல் கட்டணம் விழும் என்று அக்கா முதலில் தயங்கினார்; அந்தக் கட்டணம் பெரும்பாலும் வண்டியை எடுக்கும் இடத்துக்குத்தான், கொடுக்கும் இடத்துக்கு அல்ல.

ஃபியுமிசினோவின் குறை வேறிடத்தில் இருக்கிறது. அன்றே விமானம் ஏறுபவருக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ரோமில் இனிமேல்தான் நான்கு நாள் தங்கப்போகிறோம் என்றால், பெட்டிகளோடு விமான நிலையத்திலிருந்து நகருக்கு வந்து, மறுபடியும் அதே விமான நிலையத்துக்குப் போக வேண்டும். டெர்மினிக்கு நிற்காமல் 32 நிமிடங்களில் செல்லும் லியோனார்தோ விரைவு ரயிலில் ஒருவருக்கு 14 யூரோ. நான்கு பேர் தனித்தனிச் சீட்டெடுத்துப் போய்வர 112 யூரோ. 8 யூரோவுக்குச் சாதாரண ரயிலும் உண்டு. அது டெர்மினிக்குப் போகாமல் திராஸ்தேவெரே, திபுர்தீனா நிலையங்கள் வழியாகச் செல்வதால், விடுதி அந்தப் பக்கம் இருந்தால் மட்டுமே பயன்படும். 112 யூரோ கொஞ்சமல்ல என்றாலும், ஒரே ஒரு கேமரா அபராதமும் அதற்கான நிர்வாகக் கட்டணமும் சேர்ந்தால் அந்தத் தொகையை எளிதாக எட்டிவிடும் என்பதை அனுபவத்தில் அறிந்தவன் நான்.

மைத்துனர் ஒர்வியேட்டோவைச் சொன்னபோது அது சுற்றுவழி என்றுதான் பட்டது. அவர் கொடுத்த விளக்கம் முழுக்க முழுக்கச் சென்னைக்காரருடையது. பொங்கல் விடுமுறை முடிந்து தென்மாவட்டங்களிலிருந்து பேருந்தில் திரும்புகிறவர்கள், நெடுஞ்சாலை நெரிசலில் இரண்டு மணி நேரம் நிற்பதற்குப் பதிலாக, செங்கல்பட்டிலேயே இறங்கி மின்சார ரயிலைப் பிடிப்பதில்லையா? ஒர்வியேட்டோ ரோமின் செங்கல்பட்டு. ஊர் ஒரு செங்குத்தான பாறையின் உச்சியில் இருக்க, ரயில் நிலையமும் நெடுஞ்சாலையின் வெளியேறும் வழியும் பாறையின் அடிவாரத்திலேயே அருகருகே அமைந்திருக்கின்றன. கார் அலுவலகங்களும் அங்கேதான். வண்டியைக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் டெர்மினி. நேரம் இருந்தால் நிலையத்துக்கு எதிரே உள்ள கயிற்றிழுவை ரயிலில் மேலே போய், 1290இல் கட்டத் தொடங்கிய பேராலயத்தைப் பார்த்துவிட்டு வரலாம். காரோடு மேலே போக வேண்டாம், அங்கேயும் இஸட்.டி.எல். இருக்கிறது.

அங்கே கிடைத்த பெரிய வசதி, அவசரமில்லாத பணியாளர். டெர்மினியில் சாவியை வாங்கிப் போட்டுக்கொண்டு 'சரி, போகலாம்' என்றார்கள். ஒர்வியேட்டோவிலோ, அலுவலகத்தில் இருந்த ஒரே பெண்மணி வண்டியை மைத்துனரோடு சேர்ந்து சுற்றிப் பார்த்து, கீறல் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். அந்தத் தாள் கையில் இருந்தால் பிறகு வரும் எந்தக் கணக்கையும் கேள்வி கேட்கலாம். நெரிசலான இடங்களில், குறிப்பாகப் பணியாளர் இல்லாத நேரத்தில் சாவிப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால், அலுவலகம் திறந்து வண்டியைப் பார்க்கும் வரை அதற்கு நேரும் எதற்கும் பொறுப்பு நம்முடையதாகவே நீடிக்கும் என்று பெரும்பாலான ஒப்பந்தங்கள் சொல்கின்றன. வேறு வழியில்லாமல் அப்படிப் போட நேர்ந்தால், நான்கு பக்கமும், சக்கர விளிம்புகளும், எரிபொருள் முள்ளும், ஓடிய தூரமும் தெரியும்படி ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது.

ஏ1 நெடுஞ்சாலையில் நம்மவர்கள் தவறும் ஓர் இடம் சுங்கச்சாவடி. 2021இல் ஃபாஸ்டாக் கட்டாயமானதிலிருந்து, நிற்காமல் போய்ப் பழகிவிட்ட கால், அங்கே மஞ்சள் நிறத் தடத்தைப் பார்த்ததும் தானாகவே நுழையப் பார்க்கும். அது அவர்களுடைய டெலிபாஸ் கருவி பொருத்திய வண்டிகளுக்கு மட்டும் உரியது. நுழையும்போது இயந்திரத்தில் சீட்டை எடுத்துக்கொண்டு, வெளியேறும்போது கார்டு அல்லது ரொக்கத் தடத்தில் கட்ட வேண்டும். கட்டாமல் போனால் அதுவும் நிறுவனத்தின் வழியாகவே, நிர்வாகக் கட்டணத்தோடு, வீடு தேடி வரும்.

பெட்ரோல் விஷயத்தில் மூன்று இடங்களும் ஒன்றுபோல இல்லை. டெர்மினியைச் சுற்றி நடைபாதையோரம் ஓரிரு குழாய்களோடு நிற்கும் சிறு நிலையங்களை ஓடும் போக்குவரத்தில் கண்டுபிடிப்பதே கடினம்; வட்டச்சாலையிலும் ஒர்வியேட்டோ அடிவாரத்திலும் அந்தக் கவலை இல்லை. எங்கே நிரப்பினாலும் பென்ஸீனா என்றால் பெட்ரோல், கஸோலியோ என்றால் டீசல். இதைக் குழப்பிக்கொண்டால் வாடகை முழுவதையும் விஞ்சும் செலவு வரும். மதிய இடைவேளையிலும் ஞாயிறுகளிலும் பல நிலையங்களில் ஆள் இருப்பதில்லை. இயந்திரத்தில் முதலில் பணம் செலுத்திவிட்டுத்தான் நிரப்ப முடியும். இந்தியக் கார்டுகளைச் சில இயந்திரங்கள் ஏற்பதில்லை என்பதால் இருபது யூரோ நோட்டு ஒன்றைத் தனியாக வைத்திருப்பது உதவும். ரசீதை எறிந்துவிடக் கூடாது.

கார்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டெபாசிட்டாகப் பிடித்துவைக்கும் தொகை விடுவிக்கப்படப் பல நாட்கள் ஆகும். அதற்குள் ஊர் திரும்பியவுடன் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதியை அணைத்துவிட்டால் இனி எதுவும் பிடிக்க முடியாது என்று எங்கள் அடுக்ககத்தில் ஒருவர் யோசனை சொன்னார். 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த அந்த வசதி மோசடியைத் தடுப்பதற்கானது. கட்டவேண்டிய கடனை அது அழிப்பதில்லை, கார்டில் வசூலாகாத தொகையை வேறு வழியில் கேட்டு எழுதுவார்கள்.

என் கணிப்பில், ரோமில் தங்கப்போகிறவர்களுக்கு ஒர்வியேட்டோ முதலிடம், அன்றே பறக்கிறவர்களுக்கு ஃபியுமிசினோ. டெர்மினியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ரோமில் பலமுறை ஓட்டிப் பழகியவருக்கு என் யோசனை தேவையும் இல்லை. ஆனால் ஒர்வியேட்டோவைத் தேர்ந்தெடுக்குமுன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். எடுத்த ஊரில் கொடுக்காததற்கான ஒருவழிக் கட்டணத்தை முன்பதிவின்போதே கேட்டு, மொத்தத் தொகையில் சேர்த்துப் பார்க்க வேண்டும்; கடைசி நேரத்தில் இடத்தை மாற்றினால் அது பல மடங்காகலாம். பெரியவர்கள் உடன் வந்தால், பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நடைமேடைப் படிகளில் ஏறி இறங்க முடியுமா என்பதையும் யோசிக்க வேண்டும். ரயிலில் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்தாவிட்டால் அதற்கும் அபராதம் உண்டு.

சிற்றூர் அலுவலகங்கள் மதியம் மூடப்படும். பெரும்பாலும் சனிக்கிழமை மதியத்தோடு அந்த வாரம் முடிந்துவிடும். எனவே உங்கள் கார்ப் பயணம் ஞாயிற்றுக்கிழமையில் முடிகிறது என்றால், மேலே சொன்ன கணக்குகளைப் பார்க்காமல் ஃபியுமிசினோவையே அழுத்திவிடுங்கள்.