தூக்கக் குறைவில் கவனத்தை அளக்க: ஸ்ட்ரூப்பா, பி.வி.டி.யா?

"தூக்கம் குறைந்தால் கவனம் குறைகிறதா?" உளவியல் முதுகலை மாணவர்கள் ஆண்டுதோறும் கையிலெடுக்கும் கேள்வி இது. சாரா மாறி (நாம் மாற்றிப் பார்ப்பது) தூக்கம், சார்ந்த மாறி (அதனால் மாறுகிறதா என்று அளப்பது) கவனம் என்று முன்மொழிவில் இரண்டு வரியில் எழுதிவிடலாம். அந்தக் கவனம் எந்தச் சோதனையிலிருந்து, எந்த எண்ணாக வரப்போகிறது என்று கேட்கும்போதுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. பல பெயர்கள் அடிபட்டாலும், கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கடைசியில் போட்டி இரண்டுக்குள்தான் வந்து நிற்கும்: ஸ்ட்ரூப், அல்லது பி.வி.டி. என்று சுருக்கிச் சொல்லும் சைக்கோமோட்டார் விஜிலன்ஸ் டெஸ்ட். விடுதி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வுக்கு நான் பி.வி.டி.யை எடுத்தேன். நாளைக்கே இன்னொன்று தொடங்கினாலும் அதையேதான் எடுப்பேன்.

ஸ்ட்ரூப் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 'சிவப்பு' என்ற சொல் பச்சை நிறத்தில் இருக்கும். சொல்லைப் படிக்காமல் நிறத்தைச் சொல்ல வேண்டும். சொல்லும் நிறமும் ஒத்துப்போகாதபோது ஆகும் நேரத்திலிருந்து, ஒத்துப்போகும்போது ஆகும் நேரத்தைக் கழித்தால் குறுக்கீட்டு அளவு, அதாவது சொல் எவ்வளவு குறுக்கே வருகிறது என்பது கிடைக்கும். 1985இல் டேவிட் டிஞ்சஸும் ஜான் பவலும் அறிமுகப்படுத்திய பி.வி.டி. அதைவிட எளிது. 2 முதல் 10 விநாடி இடைவெளியில், முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி, திரையில் எண்கள் ஓடத் தொடங்கும். பார்த்ததும் பொத்தானை அழுத்த வேண்டும். 10 நிமிடமும் இதேதான். அழுத்துவதற்கு 500 மில்லிவிநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் அது 'லாப்ஸ்', கவனம் விட்டுப்போன கணம். எண் ஓடுவதற்கு முன்பே அழுத்துவதைத் தனியாக எண்ண வேண்டும். செலவில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. சைக்கோபை போன்ற இலவச மென்பொருளிலேயே இரண்டையும் அமைக்கலாம்.

நான் முடிவெடுத்தது ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான்: ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பக் கொடுத்தால் சோதனை தாங்குமா?

தூக்க ஆய்வில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். நன்றாகத் தூங்கி எழுந்த இருவரிடம் எதிர்வினை நேரத்தை அளந்தாலே ஒருவருக்கு 230 மில்லிவிநாடி, இன்னொருவருக்கு 300 என்று வரலாம். அதோடு, தூக்கக் குறைவு எல்லோரையும் ஒரே அளவு பாதிப்பதில்லை. ஓர் இரவு விழித்தால் சிலர் தள்ளாடிப் போவார்கள், சிலர் பெரிதாக அசைய மாட்டார்கள். இந்த வேறுபாடு ஓரளவுக்கு ஆளோடு ஒட்டிய குணம். அதே ஆளிடம் மறுபடி பார்த்தாலும் திரும்ப வரும். அதனால், தூங்கியவர்கள் ஒரு குழு, தூங்காதவர்கள் இன்னொரு குழு என்று சின்ன எண்ணிக்கையில் பிரித்தால், தூக்கத்தின் விளைவு ஆட்களுக்கிடையேயான வேறுபாட்டில் மூழ்கிவிடும். நம் கல்லூரிகளில் கிடைக்கும் ஆள்பலத்துக்கு ஒரே வழிதான் உண்டு. ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட வேண்டும். நன்றாகத் தூங்கிய வாரம், தூக்கம் குறைத்த வாரம், இரண்டிலும் பல நாள் அளக்க வேண்டும்.

அப்படிப் பல நாள் அளக்கும்போது ஸ்ட்ரூப் காலை வாரிவிடுகிறது. ஆட்கள் அதைக் கற்றுக்கொண்டுவிடுகிறார்கள். சோதனைக்குப் பெயர் தந்த ஆய்வாளர் ஸ்ட்ரூப்பே தன் 1935 கட்டுரையின் மூன்றாவது சோதனையில் இதைப் பார்த்தார்: பல நாள் பயிற்சி கொடுத்ததும் குறுக்கீடு குறைந்தது. தூக்கம் குறையக் குறைய மதிப்பெண் இறங்கும் என்று நாம் எதிர்பார்க்கிற அதே நாட்களில், பயிற்சி அதை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிட்டால் 'விளைவு இல்லை' என்று முடிவு எழுத வேண்டிவரும். தினமும் பூஜ்யம் நகரும் தராசில் எடை பார்ப்பது போலத்தான்.

பாதிப் பேருக்குத் தூக்கம் குறைத்த வாரத்தை முதலிலும் மீதிப் பேருக்கு இரண்டாவதிலும் வைத்தால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். ஓரளவு சரியாகும், கட்டாயம் செய்யவும் வேண்டும். ஆனால் பயிற்சி எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. முதல் சில முறைகளில்தான் அது செங்குத்தாக ஏறும். அந்த நேரத்தில் ஒருவர் தூக்கக் கலக்கத்தில் இருந்தால் கற்பதே மந்தமாகிவிடும். போதாக்குறைக்கு, பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போன சிலர் இரண்டாவது வாரத்துக்குத் திரும்பாவிட்டால் அந்தச் சமநிலையே சரிந்துபோகும்.

பி.வி.டி.யில் கற்பதற்கு ஒன்றுமே இல்லை. ஓரிரு முறை செய்துபார்த்தால் அதற்கு மேல் முன்னேற இடம் கிடையாது. 2003இல் வெளியான வான் டோங்கன் குழுவின் ஆய்வு இதற்கு நல்ல சான்று. படுக்கையில் இருக்கும் நேரத்தை 4, 6, 8 மணி என்று பிரித்து, 14 நாள் தொடர்ந்து, பகலில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்தார்கள். அதே ஆய்வில் இருந்த எண்-குறியீடு மாற்றும் சோதனையில் 8 மணி நேரக் குழு நாளாக ஆகத் தேறிக்கொண்டே போனது, பி.வி.டி.யில் அது ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருந்தது. 4 மணி, 6 மணிக் குழுக்களின் லாப்ஸ் எண்ணிக்கையோ நாளுக்கு நாள் ஏறியது. இவ்வளவு சுத்தமாக அந்தக் கோடுகள் பிரிந்ததற்குக் காரணம், அடியில் பயிற்சி விளைவு ஓடாததுதான். இன்னொன்றும் அந்த ஆய்வில் வெளிப்பட்டது. 'எவ்வளவு தூக்கமாக இருக்கிறது?' என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதில் சில நாளிலேயே சமமாகி நின்றுவிட்டது, செயல்திறன் மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது. கேள்வித்தாளை மட்டும் நம்பிக் கவனத்தை அளக்கக் கூடாது என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

கழித்தல் இன்னொரு சிக்கல். நன்றாகத் தூங்கிய ஒருவருக்கு ஒத்துப்போகும் சொற்களில் 620, ஒத்துப்போகாததில் 740 மில்லிவிநாடி என்று வைத்துக்கொள்வோம். குறுக்கீடு 120. தூக்கமில்லாத நாளில் 700, 820. இப்போதும் 120தான். ஆள் 80 மில்லிவிநாடி மந்தமாகிவிட்டார், குறுக்கீட்டு எண்ணிலோ அதன் சுவடே இல்லை. இது வெறும் கற்பனைக் கணக்கில்லை: ஓர் இரவு முழுக்க விழித்தவர்களை ஸ்ட்ரூப்பில் சோதித்து 2011இல் வந்த ஆய்வில், எதிர்வினை நேரம் கூடியது, குறுக்கீடு மாறவில்லை. இரண்டு எண்களைக் கழித்து வரும் மூன்றாவது எண்ணின் நம்பகத்தன்மையும் பொதுவாகக் குறைவு.

மொழியையும் பார்க்க வேண்டும். தமிழ்வழியில் படித்தவருக்கு ஆங்கிலச் சொற்களை வைத்து ஸ்ட்ரூப் கொடுத்தால் குறுக்கீடு குறைவாகவே வரும், ஏனென்றால் அந்தச் சொல் தானாக வாசிக்கப்படும் வேகம் குறைவு. ஒரே வகுப்பில் இரண்டு வழியில் படித்தவர்களும் இருந்தால், அளப்பது தூக்கத்தையா பள்ளிக்கூடத்தையா என்ற சந்தேகம் வரும். ஓடும் எண்ணைப் பார்த்துப் பொத்தானை அழுத்த எந்த மொழியும் தேவையில்லை.

ஸ்ட்ரூப்புக்குச் சாதகமாக இரண்டு விஷயம் உண்டு. கேள்வி, தன்னிச்சையாக எழும் பதிலை அடக்கும் திறனைப் பற்றியது என்றால் பி.வி.டி. அதைத் தொடவே தொடாது. அங்கே ஸ்ட்ரூப் வகைதான் வேண்டும். இரண்டாவது, கருவியின் தாமதம். விசைப்பலகையும் திரையும் சேர்ந்து பத்துக்கணக்கான மில்லிவிநாடியை விழுங்கும், தொடுதிரைக் கைபேசியில் அது இன்னும் கூடும். கழித்தலில் அந்தத் தாமதம் தானாக அடிபட்டுப்போகும். பி.வி.டி.யிலோ 500 என்ற கோடு அசையாமல் நிற்பதால், 460இல் அழுத்தியவர் மெதுவான கணினியில் லாப்ஸ் கணக்கில் விழுவார். அதனால் எல்லோருக்கும், எல்லா நாளும், ஒரே கணினி, ஒரே விசைப்பலகை. இதில் மட்டும் சமரசம் வேண்டாம். சலிப்பும் பி.வி.டி.யின் பெரிய குறைதான். ஐந்தாவது நிமிடத்திலேயே பங்கேற்பாளர் கை மேசை மேலுள்ள கைபேசியைத் தேடும். கைபேசியை வெளியே வாங்கி வைத்துவிட்டு, அறையில் ஒருவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

எந்த எண்ணை எடுப்பது என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். நான்கு முறை அழுத்தியதில் 250, 270, 260, 1800 மில்லிவிநாடி வந்தால் சராசரி 645. நான்கில் ஒன்றுகூட அந்த எண்ணுக்கு அருகில் இல்லை. இடைநிலை எடுத்தால் 265, தூங்கிவழிந்த அந்த ஒரு கணம் காணாமலே போய்விடும். ஒவ்வொன்றையும் தலைகீழாக்கி விநாடிக்கு எவ்வளவு என்று வேகமாக மாற்றிச் சராசரி எடுத்தால் ஏறக்குறைய 3.03, அதாவது 330 மில்லிவிநாடிக்கு இணை. 1800 ஒரேயடியாக ஆளவும் இல்லை, மறையவும் இல்லை. நான் இந்த வேகத்தை முதன்மை அளவாகவும், லாப்ஸ் எண்ணிக்கையை இரண்டாவதாகவும் வைத்தேன்.

தூக்கத்தை அளக்கும் பக்கம் சுருக்கமாக. நாட்குறிப்பு மட்டும் போதாது, மணிக்கட்டில் கட்டி, அசைவை வைத்துத் தூக்கத்தைக் கணிக்கும் ஆக்டிகிராஃப் கருவி கிடைத்தால் இரண்டையும் சேர்த்து வையுங்கள். அமெரிக்காவில் 2008இல் வந்த ஓர் ஒப்பீட்டில், கருவிப்படி சராசரியாக 6 மணி நேரம் தூங்கியவர்கள் தாங்கள் சொன்னது ஏறத்தாழ 6.8 மணி. சென்னையிலேயே 452 பேரை வைத்து நடந்து 2021இல் வெளியான ஆய்வில், படுக்கையில் இருந்தது ஏறக்குறைய 8 மணி, தூங்கியது 5.5 மணிதான். இரவுத் தூக்கத்தை 27 நிமிடம் கூட்டியும் அவர்களின் அறிதிறனில் மாற்றம் தெரியவில்லை, பகலில் போட்ட குட்டித் தூக்கம்தான் பலன் தந்தது. ஆகவே நீங்கள் கட்டுப்படுத்துவது படுக்கையில் இருக்கும் நேரத்தை மட்டுமே என்றால், சாரா மாறியை அந்தப் பெயரிலேயே எழுதுங்கள். கடையில் விற்கும் உடற்பயிற்சிப் பட்டைகளை ஆய்வுக்கு நான் எடுக்க மாட்டேன். மென்பொருள் புதுப்பிப்பு ஒன்று வந்தால் ஆய்வின் நடுவிலேயே கணக்கிடும் முறை மாறிவிடும்.

அளக்கும் நேரத்தையும் நிலைநிறுத்த வேண்டும். காலை 9 மணிக்கு ஒருவரையும் மதியம் சாப்பாட்டுக்குப் பின் இன்னொருவரையும் சோதித்தால் உடலின் நாள்கடிகாரம் உள்ளே நுழைந்துவிடும். காபி, டீயை சோதனைக்கு முன் நிறுத்தச் சொல்லி, குடித்தார்களா என்று ஒவ்வொரு நாளும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க விழிக்க வைக்கும் வடிவமைப்பை மேற்பார்வை இல்லாத இடத்தில் தொடவே வேண்டாம். மறுநாள் அவர்கள் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

10 நிமிடம் ஒதுக்க முடியாதவர்களுக்கு 3 நிமிட பி.வி.டி. உண்டு. இடைவெளி 1 முதல் 4 விநாடி, லாப்ஸ் கோடு 355 மில்லிவிநாடி. இதை நான் கொஞ்சமாகத்தான் பயன்படுத்தியிருக்கிறேன், அழுத்திப் பரிந்துரைக்கும் அளவுக்கு அனுபவம் இல்லை. முழுக்க விழித்தவர்களிடம் வித்தியாசத்தைப் பிடிக்கும். நாளுக்கு ஒரு மணி நேரம் மட்டும் குறைத்த விடுதி மாணவர்களிடம் அந்தச் சின்ன மாற்றம் அதில் சிக்குமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. எடுப்பதாக இருந்தால் 500 என்ற பழைய கோட்டை அதில் வைக்காதீர்கள், இரண்டு வடிவங்களின் எண்களையும் ஒரே அட்டவணையில் கலக்காதீர்கள்.