முப்பது பேர், ஒரு தாலி, கடல்: பெசன்ட் நகரா, கோவளமா, தரங்கம்பாடியா?

"சித்தி, மண்டபம் வேண்டாம். கடல் இருந்தால் போதும்" என்று அக்கா மகள் சொன்னபோது வீட்டில் யாரும் மறுக்கவில்லை. முப்பது பேர், ஒரு நாகஸ்வரம், ஒரு தவில், இலையில் இட்லியும் கேசரியும். விடுதிகளின் புல்வெளி எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே எல்லோருக்கும் பொதுவான மணலில்தான் என்று முடிவாயிற்று. எந்த மணல் என்று தீர்மானிக்கத்தான் மூன்று மாதம் ஆனது. மெரினாவை முதலிலேயே விட்டுவிட்டோம். அங்கே அலையைத் தொடுவதற்கே வெகுதூரம் மணலில் நடக்க வேண்டும், அக்காவின் மாமியாருக்கு எழுபத்தெட்டு வயது. மீதமிருந்த மூன்று கடற்கரைகளையும் விடியற்காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை போய்ப் பார்த்தோம்.

இடத்துக்கு முன்னால் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். கடற்கரைத் திருமணம் என்றதும் பலர் மனத்தில் எழுவது கோவா, கேரளப் படங்கள்: கடலில் இறங்கும் சூரியன், பின்னால் மணமக்கள். நம்முடையது கிழக்குக் கரை. இங்கே சூரியன் கடலிலிருந்து எழுந்து, ஊருக்குப் பின்னால் மறைகிறது. கோடையில் நண்பகலுக்குப் பிறகு கடற்காற்று வலுக்கும். மணல் கண்ணில் விழும், பந்தல் துணி படபடக்கும், ஹோமத் தீ நிற்காது. மாலையில் கூட்டமும் வந்துவிடும். விடிவதற்கு முன்போ கரையிலிருந்து கடலை நோக்கி மெல்லிய நிலக்காற்றுதான் இருக்கும். அதிகாலை முகூர்த்தம் நம் வழக்கத்திலேயே இருக்கிறது. கிழக்குக் கரையில் மாலைத் திருமணத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மாதத்தையும் யோசிக்க வேண்டும். ஐப்பசியும் கார்த்திகையும் வடகிழக்குப் பருவமழைக் காலம். கடலை நம்ப முடியாது. 2022 நவம்பர் இறுதியில் மெரினாவில் மாற்றுத்திறனாளிகளுக்காகத் திறந்த மரப்பாதையின் கடலோர முனையை, அடுத்த இரண்டு வாரத்துக்குள் மாண்டஸ் புயல் பெயர்த்துவிட்டது. தை முதல் பங்குனி வரை வானம் தெளிவாக இருக்கும், முகூர்த்தங்களும் மிகுதி. ஆனால் அதே மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் என்னும் கடலாமைகள் இந்தக் கரையில் ஏறி முட்டையிடுகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை மாணவர்களும் தன்னார்வலர்களும் 1988 முதல் இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைக் காத்துவருகிறார்கள். பொரிந்து வரும் குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் திசையில் போகும். இருட்டில் ஹாலோஜன் விளக்கு கட்டினால் அவை கடலுக்குப் பதிலாகச் சாலைக்குப் போய்ச் சேரும். இதை அறிந்ததும் மணப்பெண்ணே தை மாதத்தைக் கைவிட்டு வைகாசிக்கு மாறினாள். வைகாசியில் ஐந்தே முக்கால் வாக்கிலேயே சூரியன் எழுந்துவிடுவதால் விளக்கே தேவைப்படாது.

இனி இடங்கள்.

பெசன்ட் நகரின் பலம், வந்து போவது எளிது என்பது. விடியலில் வந்து ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள்கூடக் கலந்துகொள்ளலாம். தெற்கு ஓரத்தில் அஷ்டலட்சுமி கோயில் இருக்கிறது. கோயிலில் தாலி கட்டிவிட்டு மணலுக்கு இறங்கினால் பெரியவர்களுக்கும் நிறைவு. உறவினர் வீடு பக்கத்தில் இருந்தால் கழிப்பறைக் கவலையும் இல்லை. (முப்பது பேர் மூன்று மணி நேரம் இருக்கும் இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.) குறை, தனிமை துளியும் கிடையாது. அதிகாலை ஐந்து மணிக்கே நடைப்பயிற்சிக்கு வருபவர்கள் நிறைந்துவிடுகிறார்கள். நாற்காலி, பந்தல், ஒலிபெருக்கி என்று எதை வைத்தாலும் மாநகராட்சியிடமும் காவல் நிலையத்திலும் முன்கூட்டியே எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள். இன்னொன்று, அங்கே நிற்கும் வெள்ளை மண்டபம், 1930இல் நீரில் தத்தளித்தவர்களைக் காக்கப் போய் மாண்ட டேனிஷ் மாலுமி கார்ல் ஷ்மிட்டின் நினைவாக எழுப்பியது. அந்தக் கடலின் இழுப்பு இன்றும் அப்படியேதான் இருக்கிறது. பட்டு வேட்டியோடு அலையில் நின்று படம் எடுக்கும் ஆசையை முழங்காலுக்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோவளம் சென்னைக்குத் தெற்கே சுமார் நாற்பது கிலோமீட்டர். தூய்மைக்கும் பாதுகாப்புக்கும் உலக அளவில் தரும் நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்ற கடற்கரை. கழிப்பறை, உடைமாற்றும் அறை, உயிர்காப்பாளர் எல்லாம் உண்டு. குழந்தைகள் மிகுதியாக வரும் குடும்பத்துக்கு இது பெரிய உதவி. ஆனால் அந்த ஒழுங்கான பகுதி சுற்றுலாப் பயணிகளுக்கானது. அதைத் தாண்டினால் படகுகள் கரையேறும் இடம். இரண்டுக்கும் இடையே எங்கள் முப்பது பேரும் பொருந்தவில்லை. வார நாளில் சிறிய நிச்சயதார்த்தம் என்றால் சரியாக இருக்கும்.

தரங்கம்பாடிக்கு நான் மனம் கொடுத்துவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. தொலைவு பெரிய குறை: சென்னையிலிருந்து மயிலாடுதுறை வரை ரயில், பிறகு பஸ். முதல் நாளே போய்த் தங்க வேண்டும், செலவும் கூடும். ஆனால் அந்த ஓர் இரவுதான் திருமணத்துக்கு அழகு சேர்க்கிறது. 1792இல் கட்டிய நகர வாயிலுக்குள் நுழைந்துவிட்டால் எல்லாமே நடக்கும் தூரம். டேனியர்கள் 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை, அருகே மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்து மாசிலாமணி நாதர் கோயில், எதிரே கடல். முப்பது பேரும் ஒரே தெருவிலிருந்து, இருள் பிரியும் நேரத்தில், நாகஸ்வரத்தின் பின்னால் நடந்து வருவதை எண்ணிப் பாருங்கள். திறந்தவெளிக்கென்றே பிறந்த வாத்தியம் அது, ஒலிபெருக்கி வேண்டியதில்லை.

அங்கே மணல் குறுகலானது, கோயிலின் முன்பகுதியையே கடல் கொண்டுபோயிருக்கிறது. ஆகவே அலை எங்கே வரும் என்று தெரிந்துகொண்டே ஆக வேண்டும். முகூர்த்தம் திதியைப் பார்த்துக் குறிக்கிறோம், கடலின் ஏற்றவற்றமும் அதே நிலவைப் பின்பற்றுகிறது. எனவே ஒரு மாதம் முன்பு, அதே திதியில், அதே நேரத்தில் போய் நில்லுங்கள். நீர் ஏறக்குறைய அதே அளவில்தான் நிற்கும். நாங்கள் அப்படிப் போய், முதலில் நினைத்திருந்த இடத்தைப் பத்தடி பின்னால் தள்ளினோம்.

மணல் சொல்லிக்கொடுத்தவை வேறு சில. அம்மி புதைந்துவிடும், அடியில் பலகை வேண்டும். அரசாணிக்கால் மணலில் நிற்காது. மண் நிரப்பிய பானையில் நட்டோம். தீ வளர்ப்பதா என்ற விவாதமும் வந்தது. தமிழ்நாட்டில் இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு 1968 முதல் நடைமுறையில் இருக்கிறது. உற்றார் முன்னிலையில் மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ மணந்தாலே செல்லும், புரோகிதரோ அக்கினியோ கட்டாயமில்லை. கடற்கரைக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை என்பது என் எண்ணம். ஆனாலும் அக்காவின் மாமியாருக்காகச் செங்கல் அடுக்கிச் சிறு ஹோமம் வைத்தோம். எந்த முறையானாலும் 90 நாட்களுக்குள் பதிவு செய்துவிட வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டப்படி செய்பவர்கள் 30 நாள் முன்னறிவிப்பைக் கணக்கில் கொள்ளட்டும்.

மூன்று இடங்களிலும் மாறாத ஒன்று, அந்த மணல் நமக்கு முன்பே மீனவர்களின் வேலைக்களம். விடியல்தான் அவர்கள் படகு கரை சேரும் நேரமும். கோட்டையும் கோயிலும் தொல்லியல் சட்டத்தின் கீழ் இருக்கலாம், மணலுக்கு அரசு அனுமதி தரலாம். ஆனால் மீனவர்களின் ஊர்ப் பஞ்சாயத்தாரைப் பார்க்காமல் அங்கே ஒரு பாயை விரிப்பது முறையல்ல. தரங்கம்பாடியில் பெரியவர்களைப் போய்ப் பார்த்தோம். படகு ஏறும் இடத்திலிருந்து சற்று விலகி ஓர் இடத்தைக் காட்டினார்கள், பணம் வேண்டாம் என்றார்கள். ஒன்றே ஒன்று கேட்டார்கள்: மாலையைக் கடலில் விடக் கூடாது, நாரும் நூலும் வலையில் சிக்கும்.

தாலி கட்டி முடிந்ததும் பிள்ளைகள் இரண்டு சாக்குகளோடு உதிர்ந்த பூ வரை எல்லாவற்றையும் பொறுக்கினார்கள். முதல் தாம்பூலம் பஞ்சாயத்தார் வீடுகளுக்குப் போனது.