ஆர்குட்டில் எங்கள் ராஜா குழு: ஒன்பது ஆண்டு அனுபவம்

ஒரு ரசிகர் குழுவில் நெடுநாளாக இருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் என்னிடம் பேசினார். இணையத்தில் அவர்கள் கூடிப் பேசும் தளம் இந்த ஆண்டோடு மூடப்படுகிறதாம். "நீங்கள் ஆர்குட்டில் இதைப் பார்த்தவர்தானே அண்ணா, என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். போனில் சொன்னது போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஆர்குட்டில் சேர்ந்தது 2005 ஜூலையில். கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது யாராவது அழைப்பு அனுப்பினால்தான் உள்ளே போக முடியும். அறைத்தோழன் அனுப்பினான். கூகுளில் வேலை பார்த்த ஆர்குட் புயுக்கோக்டென் என்ற துருக்கியப் பொறியாளர் உருவாக்கி, தன் பெயரிலேயே 2004 ஜனவரியில் தொடங்கிய சமூக வலைத்தளம் அது. கல்லூரிக்கு எதிரே இருந்த பிரௌசிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு 20 ரூபாய். அந்த முதல் ஒரு மணி நேரத்தில் நான் தேடிய பெயர் ஒன்றுதான்: இளையராஜா.

அந்தப் பெயரில் நிறைய குழுக்கள் இருந்தன. பெரிய குழுக்களில் கூட்டம் அதிகம், பேச்சு குறைவு. நான் தங்கிவிட்டது நானூறு பேர்கூட இல்லாத ஒரு சின்னக் குழுவில். அதன் பெயர் இங்கே வேண்டாம். இருந்தவர்களுக்குத் தெரியும்.

ஒருவர் பக்கத்தில் எழுதிவிட்டுப் போகும் ஸ்கிராப் என்ற செய்தி, நண்பரைப் பற்றி எழுதும் டெஸ்டிமோனியல் என்ற பாராட்டுரை, யார் என் பக்கத்தைப் பார்த்தார்கள் என்ற பட்டியல், நம்பகமானவர் என்பதற்குச் சிரிப்பு முகம், கூலானவர் என்பதற்கு ஐஸ் கட்டி... இதெல்லாம் ஆர்குட் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது. எனக்கு நினைவில் நிற்பது குழுக்களின் அமைப்பு. ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு தலைப்பு. யார் பதில் எழுதினாலும் அந்தத் தலைப்பு பட்டியலின் மேலே வந்து நிற்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன்னால் முடிந்துபோன பேச்சாக இருந்தாலும் சரி, இன்றைக்கு ஒருவர் ஒரு வரி எழுதினால் எல்லோர் கண்ணிலும் படும். பார்க்கச் சாதாரண விஷயம். ஆனால் எங்கள் குழுவை ஒன்பது ஆண்டு உயிரோடு வைத்திருந்தது அதுதான் என்று இப்போதும் நம்புகிறேன். உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. பாட்டைக் கேட்டுவிட்டு, யோசித்துவிட்டு, அடுத்த பொங்கலுக்குக்கூட வந்து எழுதலாம்.

ஒரு உதாரணம். 'சிந்து பைரவி' படத்தில் யேசுதாஸ் பாடிய 'கலைவாணியே' கல்யாணி ராகத்தின் ஆரோகணத்தை மட்டும் வைத்துப் போட்ட பாட்டு, அவரோகணமே கிடையாது என்று ஒருவர் எழுதினார். இன்றைக்கு அது பலருக்கும் தெரிந்த செய்தி. அன்று எங்களில் பாதிப் பேருக்கு ஆரோகணம் என்றால் என்னவென்றே தெரியாது. கும்பகோணத்தில் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். சிறு வயதிலிருந்து வயலின் வாசிப்பவர். நாங்கள் எல்லோரும் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ச ரி க ம என்று ஏறுவது ஆரோகணம், இறங்குவது அவரோகணம் என்று முதலில் சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒவ்வொரு வரியாக எடுத்து, ஏறிப்போன குரல் எப்படிப் படிப்படியாக இறங்காமல் கீழே தாவி, மறுபடி ஏறத் தொடங்குகிறது என்று எழுதினார். தினமும் இரண்டு வரிதான். முடிய இரண்டு வாரம் ஆனது. நான் அந்தப் பாட்டைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதைக் காது கொடுத்துக் கேட்டது அந்த இரண்டு வாரத்தில்தான்.

ஐயா தமிழில்தான் எழுதுவார். எ-கலப்பை என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளைப் போட்டு, நிதானமாக, பிழையில்லாமல். நாங்கள் தமிழை ஆங்கில எழுத்தில் கொட்டிக்கொண்டிருந்த காலம். பிரௌசிங் சென்டர் கணினிகளில் அவர் எழுதியது வெறும் கட்டம் கட்டமாகத் தெரியும். விண்டோஸ் எக்ஸ்பி-யில் தமிழ் சரியாகத் தெரிய வேண்டுமென்றால் அதன் சீடியைப் போட்டு இந்திய மொழிகளுக்கான ஆதரவைத் தனியாக நிறுவ வேண்டும். சென்டர் அண்ணனிடம் கெஞ்சி, கடைசியில் இருந்த ஒரு கணினியில் மட்டும் அதைச் செய்யவைத்தேன். அப்புறம் அந்தக் கணினி காலியாகும் வரை காத்திருந்து உட்காருவது வழக்கமாகிவிட்டது. நான் தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டது ஐயாவுக்குத் தமிழிலேயே பதில் எழுத வேண்டும் என்பதற்காக.

இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத்தொகுப்பு பற்றிய தலைப்பு நாலு ஆண்டு ஓடியது. 1986-இல் வந்த தொகுப்பு அது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்குக்கும் சமர்ப்பணம் செய்தது. அதில் ஓர் இடத்தில் பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிடா என்ற இசைப்படைப்பின் தொடக்கம் அப்படியே வருகிறது என்று மேற்கத்திய வயலின் படிக்கும் ஒரு பெண் எழுதினார். தொகுப்பில் வயலின் வாசித்த வி.எஸ். நரசிம்மனின் வில் அங்கே எப்படி மாறுகிறது என்று ஐயா பதில் எழுதினார். இருபது வயதுப் பெண்ணும் அறுபத்தைந்து வயதுப் பெரியவரும் ஒரே கருவியை இரண்டு மரபிலிருந்து பார்த்துப் பேசிக்கொண்டார்கள். நான் ஒரு வரிகூட எழுதாமல் படித்த தலைப்பு அது.

2010 செப்டம்பர் 12. பாடகி சுவர்ணலதா இறந்துபோனார். 37 வயதுதான். அன்றிரவு குழுவில் யாரும் இரங்கல் வாசகம் எழுதவில்லை. ஒருவர் 'தளபதி' படத்தின் 'ராக்கம்மா கையத்தட்டு' பாட்டைப் பற்றி எழுதத் தொடங்கினார். 2002-இல் பிபிசி உலக சேவை நடத்திய வாக்கெடுப்பில் உலகின் விருப்பமான பத்துப் பாடல்களில் நான்காவதாக வந்த பாட்டு. அதற்கு ஓட்டுப் போட்டவர்கள் எங்களிலேயே பலர் இருந்தார்கள். ஆட்டமும் பாட்டுமாகப் போகிற அந்தப் பாட்டின் நடுவே எல்லாம் அடங்கி, அப்பர் தேவாரம் ஒன்றை அந்தக் குரல் எடுக்கும். அந்த இடத்தை முதலில் எங்கே கேட்டீர்கள் என்று அவர் கேட்டார். விடிய விடிய பதில் வந்தது. டீக்கடை, திருவிழாவில் கட்டிய குழாய் ஒலிபெருக்கி, மதுரை போகும் பேருந்து, அப்பாவின் டேப்ரிக்கார்டர். அப்போது பிஎஸ்என்எல் அகண்ட அலைவரிசையில் அதிகாலை 2 மணி முதல் 8 மணி வரை தரவிறக்கம் கணக்கில் வராது என்பதால் எங்கள் குழு எப்போதுமே இரவில் விழித்திருக்கும். அந்த இரவு மட்டும் யாரும் எதையும் தரவிறக்கம் செய்யவில்லை என்று நினைக்கிறேன்.

டொராண்டோவில் இருந்த யாழ்ப்பாணத்து அண்ணனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். எங்கள் குழுவின் குரல் என்றால் அவர்தான். 1990-க்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்கணக்கில் மின்சாரம் இல்லை. பேட்டரிக்கும் தடை. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பெடலை மிதித்து, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் ரேடியோவும் கேசட்டும் கேட்டார்கள். "தம்பி, உந்தப் பாட்டுகளை நாங்கள் சைக்கிள் மிதிச்சுத்தான் கேட்டனாங்கள்" என்று தொடங்கி அவர் எழுதிய பதிவு இன்னும் எனக்கு மனப்பாடம். அவருடைய தம்பி மிதிப்பார், இவர் கேட்பார். பிறகு மாற்றிக்கொள்வார்கள். மிதிப்பவரின் வேகம் குறைந்தால் கேசட்டின் வேகமும் குறையும், பாட்டு கீழே இறங்கும். சுருதி என்பது என்னவென்று தனக்குச் சொல்லிக்கொடுத்தது தம்பியின் கால்கள்தான் என்று எழுதியிருந்தார்.

அதே பதிவின் கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். ஒரு தாலாட்டுப் பாட்டு. கனடா வந்த பிறகு சீடியில் கேட்டபோது தன் நினைவில் இருந்ததைவிட உயரத்தில் இருக்கிறதாம். "எது சரி? ஆராவது பழைய இசைத்தட்டு வைச்சிருந்தால் பாத்துச் சொல்லுங்கோ." யாரிடமும் இசைத்தட்டு இல்லை. கேள்வி அப்படியே நின்றது.

2011-இல் அவர் மாரடைப்பில் போய்விட்டார். செய்தி வந்த அன்று நான் செய்த முதல் காரியம் அவருக்கு ஒரு டெஸ்டிமோனியல் எழுதியது. ஆறு ஆண்டுகளில் எழுதாமல் விட்டுவிட்டேனே என்ற தவிப்பு. எழுதி அனுப்பிய பிறகுதான் உறைத்தது. டெஸ்டிமோனியல் என்பது யாருக்கு எழுதுகிறோமோ அவர் ஏற்றுக்கொண்டால்தான் பக்கத்தில் தெரியும். அவர் ஏற்றுக்கொள்ள இல்லை. நல்ல விதிதான், வேண்டாததை யாரும் நம் பக்கத்தில் ஒட்டிவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. பிற்பாடு பேசியபோது தெரிந்தது, எங்களில் பதினோரு பேர் அதே வாரத்தில் அவருக்கு எழுதி அனுப்பியிருக்கிறோம். ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்க்க முடியாமல், பதினொன்றும் அவருடைய வாசலில் காத்துக்கொண்டிருந்தன. ஸ்கிராப் பக்கம் திறந்திருந்தது. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அங்கே போய் எழுதினோம்.

2010-லேயே இந்தியாவில் ஃபேஸ்புக் ஆர்குட்டைத் தாண்டிவிட்டது. எங்களில் பலர் அங்கேயும் கணக்குத் தொடங்கினார்கள். குழு மெலிந்தது, ஆனால் நிற்கவில்லை. 2014 ஜூன் 30 அன்று கூகுள் அறிவித்தது: செப்டம்பர் 30-உடன் ஆர்குட் மூடப்படுகிறது. பொதுவில் இருக்கும் குழுக்களின் பேச்சுகள் ஒரு காப்பகமாக வைக்கப்படும், தங்கள் எழுத்து அதில் வேண்டாம் என்பவர்கள் அதற்குள் கணக்கை நீக்கிக்கொள்ளலாம், படங்களையும் பதிவுகளையும் 2016 செப்டம்பர் வரை இறக்கிக்கொள்ளலாம். மூன்று மாத அவகாசம்.

அந்த மூன்று மாதத்தைப் பற்றித்தான் தம்பி கேட்டார். நாங்கள் செய்ததில் நல்லது ஒன்று. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த பழைய தலைப்பு ஒன்றை எடுத்து, அதில் ஒரு வரி எழுதி மேலே கொண்டுவர வேண்டும் என்று ஐயா சொன்னார். பிரிவு உபசாரம் வேண்டாம், கண்ணீர் வேண்டாம், பாட்டைப் பற்றி மட்டும் எழுதுங்கள் என்றார். 2006-இல் ஒரே ஒரு பதிவு எழுதிவிட்டுக் காணாமல் போனவர்களெல்லாம் வந்தார்கள். ஒன்பதாண்டுப் பேச்சு முழுவதும் ஒரு மாதத்தில் எங்கள் கண் முன்னே திரும்ப வந்தது. உன் குழுவிலும் இதைச் செய்யுங்கள் தம்பி.

தவறியது இரண்டு. காப்பகம் இருக்குமே என்று பெரும்பாலோர் எதையும் சேமிக்கவில்லை. காப்பகம் இருந்தது, 2017 மே மாதம் அதுவும் எடுக்கப்பட்டது. கணக்கை முன்பே நீக்கியவர்களின் பதிவுகள் இல்லாததால் அதற்கு முன்னரே பேச்சுகள் நடுநடுவே ஓட்டை விழுந்து கிடந்தன. கேள்வி இருக்கும், பதில் இருக்காது. நான் முக்கியமான நாற்பது தலைப்புகளைப் பக்கம் பக்கமாகச் சேமித்தேன், தேதியோடு, வரிசை மாறாமல். நாற்பதுதான். இருந்தவை அறுநூறுக்கு மேல். தனியாளாக உட்காராமல் பத்துப் பேரிடம் பிரித்துக் கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, எங்கே போவது என்பதை அவசரத்தில் முடிவு செய்தது. ஒரு பகுதி கூகுள் பிளஸ்ஸுக்குப் போனது. அது 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. மீதிப் பேர் வாட்ஸ்அப்புக்குப் போனோம். அப்போது ஒரு குழுவில் 50 பேர்தான் இருக்க முடியும். கடைசி வரை பேசிக்கொண்டிருந்தவர்கள் எழுபது பேருக்கு மேல். யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது? வரம்பு பிறகு ஏறியது, விடுபட்டவர்கள் திரும்ப வரவில்லை. வந்தவர்களும் மாறிப்போனோம். வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்துக்கும் பிறந்தநாள் வாழ்த்துக்கும் நடுவே கேட்ட கேள்வி அரை மணியில் மேலே போய்விடுகிறது. நாலாண்டு ஓடும் பேச்சுக்கு அங்கே இடமில்லை. அதே மனிதர்கள், அதே அன்பு. ஆனால் ஐயா எழுதுவதைக் குறைத்துக்கொண்டார். "படிக்கிறதுக்குள்ள போயிடறது" என்றார் ஒருநாள் போனில்.

2014 செப்டம்பர் 27 இரவு, ஆர்குட் மூடுவதற்கு மூன்று நாள் முன்பு, சைக்கிள் டைனமோ பதிவு பட்டியலில் மேலே வந்து நின்றது. ஐயா பதில் எழுதியிருந்தார். அவருடைய மைத்துனர் வீட்டுப் பரணிலிருந்து அந்தத் தாலாட்டு வந்த படத்தின் எல்.பி. இசைத்தட்டு கிடைத்ததாம். வயலினோடு வைத்துப் பார்த்திருக்கிறார். நான் சேமித்த நாற்பதில் கடைசி அது. அந்தப் பதில் இப்படித்தான் இருக்கிறது:

"தட்டில் கேட்டேன். சீடியில் இருப்பதுதான் சரி. உங்கள் நினைவில் இருப்பது அரைக்கட்டை குறைவு. தம்பி மிதித்தார் என்று எழுதியிருந்தீர்கள். பாவம், அன்றைக்குக் களைத்திருப்பார்."