42 அங்குல மடக்குக் கூண்டு: பதினெட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் வீட்டில் நிரந்தரமாக இருப்பவை மூன்று நாய்கள், நான்கு பூனைகள். இவை தவிர, தெருவில் அடிபட்டோ நோயுற்றோ தாயை இழந்தோ மீட்கப்படும் நாய்களில் ஒன்றிரண்டை, அவற்றுக்கு நிலையான வீடு கிடைக்கும்வரை வைத்திருந்து அனுப்பும் வழக்கம் ஆறு ஆண்டுகளாக உண்டு. மீட்பு வேலையில் இருப்பவர்கள் இதை ‘ஃபாஸ்டர்’ என்றே சொல்கிறார்கள். ‘தற்காலிக வளர்ப்பு’ என்று எழுதினால் அவர்களுக்கே புரிய ஒரு கணம் ஆகும் என்பதால் நானும் அப்படியே எழுதுகிறேன். இதுவரை வந்துபோன நாய்கள் இருபத்தொன்று. அவற்றில் கடைசி ஒன்பது நாய்கள் பயன்படுத்திய பொருள், இரண்டு கதவுகள் கொண்ட, மடக்கி வைக்கக்கூடிய, 42 அங்குல நீளமுள்ள கம்பிக் கூண்டு. ஏறத்தாழ இதே அமைப்புள்ள கூண்டு பல பெயர்களில் விற்கப்படுவதால் நான் வாங்கியதன் பெயரைச் சொல்வதில் பயன் இல்லை. அமைப்பைப் பற்றியே பேசுகிறேன்.

கூண்டு வாங்குவதில் எனக்கு முதலில் உடன்பாடே இல்லை. நாலு வீதியைத் தனதாக்கிக்கொண்டு திரிந்த நாயைப் பிடித்துக் கம்பிக்குள் அடைப்பதற்குப் பெயர் மீட்பா என்று கணவரிடம் பலமுறை வாதாடியிருக்கிறேன். புதிதாக வரும் நாயை அப்போதெல்லாம் பின்புறக் குளியலறையில்தான் வைப்போம். ஈரம் காயாத, வழுக்கும் ஓடு பதித்த தரை. கட்டுப் போட்ட நாய்க்கு அதைவிட மோசமான இடம் கிடையாது என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. அடுத்து, எட்டுத் தட்டிகள் கொண்ட மடக்கு வேலி ஒன்றை வாங்கினோம். குட்டிகளுக்கு அது மிகவும் பொருத்தமானது. ஆனால் ஒரு வயது நிரம்பிய நாட்டு நாய் ஒன்று முதல் இரவே அதைத் தாண்டி, தூங்கிக்கொண்டிருந்த எங்கள் கிழட்டு நாய் வீராவின் மேல் போய் விழுந்தது. அதன் பிறகு வெல்டிங் பட்டறையில் சொல்லி ஆங்கிள் இரும்பில் ஒரு கூண்டு செய்தோம். யானையே நுழைந்தாலும் உடைக்க முடியாத அந்தக் கூண்டை நாலு பேர் சேராமல் நகர்த்தவும் முடியாது. ஃபாஸ்டர் நாய் இல்லாத நாட்களிலும் அது கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. இத்தனைக்கும் பிறகுதான் 6,200 ரூபாய் கொடுத்து இதை வாங்கினோம்.

நீளம் 107 செ.மீ., அகலம் 71 செ.மீ., உயரம் 77 செ.மீ.; எடை பதினாறு கிலோ சொச்சம். மடக்கினால் தட்டையான பெட்டிபோல் ஆகிவிடும், கைப்பிடியும் உண்டு. ஆட்டோவின் பின்னிருக்கையில் சாய்த்துவைத்து, அதன் பக்கத்தில் நான் ஒடுங்கி உட்கார்ந்து போயிருக்கிறேன். விரித்து மாட்ட இரண்டு நிமிடம் போதும். கொக்கிகளில் விரல் நசுங்காமல் இருக்கப் பழக ஒரு வாரம் ஆகும்.

அளவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் நம் நாட்டு நாய்க்கு 36 அங்குலக் கூண்டே போதும் என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். நாட்டு நாய் உடல் மெலிந்தது, ஆனால் கால் நீண்டது. தலையைத் தாழ்த்தாமல் நிற்கவும், இடிபடாமல் திரும்பவும், நான்கு கால்களையும் நீட்டிப் பக்கவாட்டில் படுக்கவும் இடம் வேண்டும். நம் வெயிலில் எந்த நாயும் சுருண்டு படுப்பதில்லை, விரிந்துதான் படுக்கும். 36 அங்குலக் கூண்டில் படுத்த நாய்களின் பாதங்கள் எப்போதும் கம்பிகளுக்கு வெளியேதான் நீட்டிக்கொண்டிருந்தன. குட்டிக்கு 42 அங்குலம் அதிகம் என்றால், கூடவே வரும் தடுப்புத் தட்டியைப் பாதியில் மாட்டிக்கொள்ளலாம். இடம் அதிகமாக இருந்தால் குட்டி ஒரு மூலையில் மூத்திரம் போய்விட்டு மறுமூலையில் நிம்மதியாகத் தூங்கிவிடும், பழக்கம் வராது. அதற்காகத்தான் அந்தத் தடுப்பு.

இந்தக் கூண்டின் அருமையை எனக்கு உணர்த்தியது செவலை. சர்வீஸ் சாலையில் வேன் மோதிப் பின்னங்கால் முறிந்த பெண் நாய் அது, வயது மூன்று இருக்கலாம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தகடு வைத்து, ஆறு வாரம் ஓடவோ தாவவோ படி ஏறவோ விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று நாய்களும் நான்கு பூனைகளும் ஓடியாடும் வீட்டில், தானும் ஓட நினைக்கும் நாயை ஆறு வாரம் ஓடாமல் வைத்திருப்பது எப்படி? நல்லவேளையாக, வீக்கம் வடிவதற்காக அறுவைக்கு முன்பே நான்கு நாட்கள் அது எங்களிடம் இருந்தது. அந்த நான்கு நாட்களும் கூண்டின் கதவைச் சாத்தவே இல்லை. சோற்றுக் கிண்ணத்தை மட்டும் முதலில் வாசலிலும், பிறகு ஒரு முழம் உள்ளேயும், பிறகு கடைசி மூலையிலும் வைத்துக்கொண்டே போனோம். மூன்றாம் நாள் மதியம் அது தானாக உள்ளே போய், பெருமூச்சு விட்டுப் படுத்துக்கொண்டது. அறுவை முடிந்து வந்த பிறகு கதவைச் சாத்தியபோது ஒரு முனகல்கூட இல்லை.

இதற்கு நேர்மாறாக நடந்ததையும் சொல்லியாக வேண்டும். செவலைக்குப் பின் வந்த ஓர் இளம் ஆண் நாயை, செவலை பழகிய இடம்தானே என்ற மிதப்பில், முதல் இரவே உள்ளே விட்டுக் கதவைத் தாழிட்டேன். நான்கு சுவருக்குள்ளேயே அதுவரை இருந்தறியாத நாய் அது. விடிவதற்குள் இரண்டு கம்பிகளை வளைத்துவிட்டது. கடித்து இழுத்ததில் கோரைப்பல்லின் நுனி உடைந்திருந்தது. இதில் குறை கூண்டின் மேல் இல்லை, என் மேல்தான். ஆனால் பெட்டியோடு வரும் கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மாட்டும் முறைக்கு மட்டும் எட்டுப் படங்கள் இருக்கின்றன. கழுத்துப்பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும் என்பதையும் அந்தக் கையேடு சொல்வதில்லை. பட்டையின் வளையம் கம்பியில் மாட்டி நாய் திணறினால், பக்கத்தில் ஆள் இல்லாதபோது கதை முடிந்துவிடும்.

கூண்டின் உண்மையான பலவீனம் கம்பியில் இல்லை, அடித்தட்டில் இருக்கிறது. கறுப்பு பிளாஸ்டிக்கில் செய்த, ஓரம் ஓர் அங்குலம்கூட உயராத தட்டு. படுக்குமுன் தரையைப் பிராண்டுவது நாயின் இயல்பு. எங்கள் கூண்டில் தட்டைப் பிடித்து நிறுத்தும் கொக்கி இல்லாததால், நாய் பிராண்டப் பிராண்டத் தட்டு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நகர்ந்து, இரவு இரண்டு மணிக்கு ஒரு முனை ஜானளவு நீட்டிக்கொண்டிருக்கும். நாய் வெறும் கம்பியின் மேல் நிற்கும். தட்டு நடுவில் மேடாக வளைந்திருப்பதால் மூத்திரம் ஓரத்துக்கு ஓடி, மூலை வழியாகக் கூடத்தில் வழியும். ஐந்தாம் மாதம் தட்டில் குறுக்காக விரிசல் விட்டது. விற்றவர்களிடம் மாற்றுத் தட்டு கேட்டதற்கு மூன்று வாரம் கழித்து 36 அங்குலக் கூண்டுக்கான தட்டை அனுப்பினார்கள். திருப்பி அனுப்பும் செலவு தட்டின் விலையில் பாதி. கடைசியில் தகரப் பட்டறையில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகட்டில் இரண்டு அங்குல ஓரம் வைத்து 900 ரூபாய்க்கு ஒரு தட்டு செய்தோம். அது நகரவும் இல்லை, ஒழுகவும் இல்லை. ஆனால் நகம் பட்டால் எழும் ஓசை காதைத் துளைத்தது. அதற்கும் நம் ஊரிலேயே மருந்து இருந்தது. தெருமுனையில் கல்யாணம் முடிந்து கழற்றிப் போட்டிருந்த ஃபிளெக்ஸ் பேனரைக் கேட்டு வாங்கி, மணமக்கள் முகம் கீழே இருக்கும்படித் திருப்பி, இரண்டாக மடித்து விரித்தோம். வழித்து விட்டால் துடைத்த மாதிரி ஆகிவிடும். கடித்து விழுங்கும் வயதுக் குட்டிகளுக்கு மட்டும் இதைப் போடக்கூடாது. அவற்றுக்குப் பழைய பருத்திப் புடவைதான்.

தட்டு போகட்டும், கூண்டே ஓசை எழுப்பக்கூடியது. நாய் உடம்பை உதறினால் கம்பியும் கொக்கியும் மோதிக் கலகலக்கும். பட்டாசுக்கும் கல்லடிக்கும் பயந்தே பழகிய நாய்க்கு அந்தச் சத்தமே போதும், அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. பழைய சைக்கிள் டியூபைத் துண்டுபோட்டு நான்கு மூலைக் கொக்கிகளிலும் இறுக்கிச் சுற்றியதில் முக்கால்வாசி அடங்கியது.

வீட்டில் ஏற்கெனவே இருந்த பிராணிகள் இந்தக் கூண்டை எப்படி எடுத்துக்கொண்டன என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை. முன்பெல்லாம் புதிய நாய் வந்தால் பூனைகள் இரண்டு நாள் பரணிலிருந்து இறங்காது. இப்போது பட்டு என்ற எங்கள் மூத்த பூனை கூண்டின் கூரையைத் தனக்கென்று எடுத்துக்கொண்டுவிட்டது. செவலை வந்த இரண்டாம் வாரம் ஒரு மாலை, பட்டு மேலே படுத்திருக்க, அதன் வால் மட்டும் கம்பி வழியாக உள்ளே தொங்கி மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. செவலை மூக்கை உயர்த்தி வால் நுனியை முகர்ந்தது, தும்மியது, மறுபடி முகர்ந்தது. பட்டு கண்ணைக்கூடத் திறக்கவில்லை. நாயையும் பூனையையும் அறிமுகப்படுத்த நான் முன்பு பட்ட பாட்டை நினைத்தால் இந்த ஒன்றுக்கே பாதி விலையைக் கொடுக்கலாம். சாப்பாட்டு நேரச் சண்டையும் நின்றது. பசியோடு வளர்ந்த நாய் கிண்ணத்தைக் காவல் காக்கும். பக்கத்தில் வந்த நாயைக் கடிக்கவும் செய்யும். கோழிச் சோற்றை அதற்குக் கூண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால், வெளியே மூன்று கிண்ணங்களும் தம்பாட்டுக்குக் காலியாகும். பக்கக் கதவு, முன் கதவு என்று இரண்டு இருப்பது இங்கேதான் பயன்படுகிறது: கூடத்தைப் பார்த்த கதவை மூடிவிட்டு, கொல்லையைப் பார்த்த கதவு வழியாகப் புதிய நாயை மற்றவற்றின் எதிரில் நடத்தாமல் வெளியே கூட்டிப்போகலாம். ஒரே கதவுள்ள வகை ஐந்நூறு ரூபாய் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

இந்தக் கூண்டு தனிமைப்படுத்தும் இடம் ஆகாது. இதை நான் அடிபட்டுத்தான் தெரிந்துகொண்டேன். கடந்த மழைக்காலத்தில் நான்கு குட்டிகள் வந்தன. கூண்டு இருக்கிறதே என்று கூடத்திலேயே வைத்தோம். மூன்றாம் நாள் ஒன்று வாந்தி எடுத்தது, மலத்தில் ரத்தம். பார்வோ என்ற வைரஸ் நோய். இரண்டு குட்டிகளைத்தான் காப்பாற்ற முடிந்தது. அந்த வைரஸ் மலத்தில் வெளியேறி, செருப்பிலும் துடைப்பத்திலும் ஏறி, மாதக்கணக்கில், ஏன் ஓராண்டுக்கு மேலும்கூட உயிர்ப்போடு இருக்கும். அதன் இன்றைய வகைகள் பூனைகளையும் தொற்றக்கூடியவை. எங்கள் நாய்களும் பூனைகளும் தடுப்பூசி போட்டவை என்பதால் தப்பின. இப்போது தடுப்பூசி போடாத குட்டி எது வந்தாலும் முதல் பதினான்கு நாட்கள் மாடி அறையில் தனியாக. அந்த அறைக்கென்று தனிச் செருப்பு, தனி வாளி. கூண்டு அதற்குப் பிறகுதான்.

கழுவும் விஷயத்தில் கம்பிக் கூண்டுக்கு ஈடில்லை. ஆனால் பூனை உள்ள வீட்டில் பினாயிலைத் தொடாதீர்கள். பினால் வகைக் கிருமிநாசினிகள் பூனைகளுக்கு நஞ்சு. முதலில் சோப்புத் தண்ணீரால் மலமும் மூத்திரமும் போகத் தேய்த்துக் கழுவி, அதன் பிறகு வீட்டு உபயோகத் திரவ பிளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு அலச வேண்டும். அழுக்கு இருந்தால் பிளீச் வேலை செய்யாது. மூத்திரத்தின் மேலேயே ஊற்றினால் எழும் ஆவி நம் நெஞ்சை அடைக்கும். வெயிலில் காயவைக்கும்போது மூலைக் கீல்களையும் தட்டின் அடிமடிப்பையும் பாருங்கள்: ரத்தம் குடித்துப் பெருத்த பெண் உண்ணி நாயை விட்டிறங்கி இப்படிப்பட்ட இடுக்குகளில்தான் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தை அங்கே அடித்துவிட்டால், கூரையில் படுக்கும் பட்டு போன்ற பூனைகளுக்கு உயிராபத்து. கொதிநீரும் பழைய பல்துலக்கியும் போதும்.

நாங்கள் இருப்பது கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள். பதினான்காம் மாதமே அடிக்கம்பிகளில் கறுப்புப் பூச்சு உரிந்து துரு தெரிந்தது. உப்புக்காற்றும் மூத்திரமும் சேர்ந்து செய்த வேலை. சுவர்க்கம்பிகளில் இன்னும் ஒன்றும் இல்லை. வெப்பத்தைப் பொறுத்தவரை, நாலு பக்கமும் காற்றோட்டம் இருப்பதால் பிளாஸ்டிக் பெட்டி வகையைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் குகைபோல் இருக்கட்டும் என்று முழுவதும் துணி போர்த்தினால் அந்த நன்மை போய்விடும். அக்கினி நட்சத்திர நாட்களில் பின்பக்கம் மட்டும் பாதி மூடுகிறோம்.

நான்கு குட்டிகளில் பிழைத்த இரண்டும் பிப்ரவரியில் வெவ்வேறு வீடுகளுக்குப் போயின. இன்று கூண்டில் இருப்பது, கருத்தடை செய்த அடையாளமாகக் காது நுனி வெட்டிய, தோல்நோயில் முடி கொட்டிய ஒரு கிழ நாய். கதவு திறந்தே இருக்கிறது, அது வெளியே வருவதில்லை. வாங்க நினைப்பவர்கள் கடைக்கே நேரில் போய், கூண்டை விரிக்கச் சொல்லி, கதவை மூடிவிட்டு, அடித்தட்டை உள்ளிருந்து விரலால் தள்ளிப் பாருங்கள். தட்டு நகர்ந்தால், தகரப் பட்டறைக்கு ஆகும் 900 ரூபாயை விலையில் குறைத்துக் கேளுங்கள்.