வீட்டு ரெக்கார்டிங்குக்கு 20,000 ரூபாய்: பழைய டப்பாவைத் தேற்றலாமா, மாற்றலாமா?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் தேவாரம் பாடிப் பதிவு செய்யும் பெரியவர் ஒருவர். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் கீபோர்டை வைத்துக்கொண்டு டியூன் போடும் பையன் ஒருவன். இரண்டு வீட்டிலும் இருப்பது ஏறக்குறைய ஒரே டெஸ்க்டாப்தான்: ஏதோ ஆபீஸில் கழித்துவிட்ட நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5, 4 ஜிபி ராம், கரகரவென்று ஓடும் பழைய ஹார்டு டிஸ்க். இருவர் கையிலும் 20,000 ரூபாய்க்கு மேல் இல்லை. கடையில் கேட்டால் இருவருக்கும் ஒரே பதில்தான் வரும்: "ப்ராசஸரை மாத்திடுங்க சார், பறக்கும்." என்னைக் கேட்டால், பெரியவர் ப்ராசஸர் பக்கமே போக வேண்டாம். பையன் விஷயத்தில் மட்டும் யோசிக்கலாம்.

காரணம் லேட்டன்சி. மைக்கில் நுழைந்த சத்தம் கம்ப்யூட்டருக்குள் போய்ச் சுற்றி ஹெட்போனுக்கு வந்து சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். கம்ப்யூட்டர் சத்தத்தைச் சாம்பிள் என்ற சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒரு தொகுதி சேர்ந்த பிறகே அனுப்பும். அந்தத் தொகுதிதான் பஃபர். 48,000 ஹெர்ட்சில், அதாவது வினாடிக்கு 48,000 சாம்பிளில், பஃபரை 256 சாம்பிள் என்று வைத்தால் ஒரு பஃபருக்கு 5.3 மில்லிசெகண்ட், 1024 என்று வைத்தால் 21. உள்ளே போகும்போது ஒரு முறை, வெளியே வரும்போது ஒரு முறை என்று இது இரட்டிப்பாகும். 40 மில்லிசெகண்டைத் தாண்டினால் நாம் பாடியதையே யாரோ பின்னாலிருந்து திருப்பிச் சொல்வதுபோல் இருக்கும். தாளம் கையை விட்டுப் போய்விடும். சரி, பஃபரைக் குறைக்கலாமே என்றால் ப்ராசஸர் திணறி, பட் பட்டென்று வெடிப்புச் சத்தம் கிளம்பும். வேகமான ப்ராசஸர் வேண்டும் என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

ஆனால் பாடுகிறவருக்கு இந்தச் சுற்றே தேவையில்லை. மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டரோடு இணைக்கும் யூஎஸ்பி பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். ஓரளவு நல்லதாக இருந்தால் டைரக்ட் மானிட்டரிங் வசதி இருக்கும். அதைப் போட்டுவிட்டால் மைக் சத்தம் கம்ப்யூட்டரைத் தொடாமல் நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். பஃபர் 1024ல் கிடந்தாலும் கவலையில்லை. பதிவாகும் டேட்டாவும் ஒன்றும் பிரமாதமில்லை: 24 பிட், 48,000 ஹெர்ட்ஸ் மோனோ டிராக் ஒன்றுக்கு நிமிடத்துக்கு 8.6 எம்பி. எட்டு டிராக் ஒரே நேரத்தில் ஓடினாலும் வினாடிக்கு 1.2 எம்பியைத் தொடாது. இதற்கு அந்தப் பழைய ஐ5 தாராளம்.

கீபோர்டுக்காரன் கதை வேறு. அவன் கீயை அமுக்கிய பிறகு சத்தமே கம்ப்யூட்டருக்குள்தான் பிறக்கிறது. டைரக்ட் மானிட்டரிங்கில் கேட்க அங்கே ஒன்றுமே இல்லை. பஃபரை 256, 128 என்று இறக்கியே ஆக வேண்டும். அதே நேரம் பல ஜிபி அளவுள்ள பியானோ, ஸ்ட்ரிங்ஸ் சாம்பிள்களும் (நிஜ வாத்தியத்தின் பதிவுகள்) ராமில் ஏற வேண்டும். 4 ஜிபியில் பாதியை விண்டோஸே தின்றுவிடும். "அண்ணே, ஐ7 போட்டா சரியாயிடுமா?" என்று கேட்டான். அதே மதர்போர்டில் உட்காரும் நான்காம் தலைமுறை ஐ7க்கும் கோர் நான்குதான். த்ரெட், அதாவது ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை, மட்டும் எட்டு. கொடுக்கிற காசுக்கு அந்த வித்தியாசம் போதாது. அதைவிட, ஒரு டிராக்கை முடித்ததும் ஃப்ரீஸ் செய்து ஆடியோவாக மாற்றிவிட்டு அடுத்ததற்குப் போகும் பழக்கம் வந்தால் செலவே இல்லாமல் பாதித் தலைவலி தீரும்.

எஸ்எஸ்டி இருவருக்கும் வேண்டும், வேறு வேறு காரணத்துக்காக. பையனுக்கு வேகம்: சாட்டா எஸ்எஸ்டி வினாடிக்கு 500 எம்பி வரை படிக்கும், பழைய டிஸ்க் 100 சொச்சம். பெரியவருக்கு அமைதி. சின்ன ஓசையையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் இருக்கும் அறையில் டிஸ்க் ஓடும் ஓசையும் குரலோடு சேர்ந்து பதிவாகிவிடும். மே மாதக் கடலூரில் சீலிங் ஃபேனையும் நிறுத்திவிட்டுப் பாடுகிற மனிதருக்கு, டப்பாவிலிருந்து வரும் சத்தமாவது குறைய வேண்டாமா? சிபியு ஃபேனில் அடைந்த தூசியைத் தட்டி, காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தால் இன்னும் அடங்கும். அப்புறம், ஐந்து மீட்டருக்கு மிகாத யூஎஸ்பி கேபிளைப் போட்டு டப்பாவைக் கதவுக்கு வெளியே தள்ளிவிடலாம்.

ராம் வாங்கும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பழைய போர்டுக்கு டிடிஆர்3. நாளை எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் வாங்கினால் அதற்கு டிடிஆர்4. இன்று வாங்கியது அங்கே உட்காராது. எஸ்எஸ்டியும் இன்டர்ஃபேஸும் அப்படியில்லை, எந்தக் கம்ப்யூட்டருக்கு மாறினாலும் கூடவே வரும். அதனால் ராமுக்கு மட்டும் செகண்ட்ஹேண்ட் போதும் என்பேன். கடலோர ஊர்களில் இன்னொரு கூத்தும் உண்டு: ராமின் தங்கநிறப் பற்கள் உப்புக்காற்றில் கறுத்து, சிஸ்டம் ஆனாகாமல் பீப் அடிக்கும். பென்சில் ரப்பரால் அந்தப் பற்களை மெல்லத் தேய்த்து, துகளை ஊதிவிட்டு மறுபடி சொருகினால் பல நேரம் உயிர் வந்துவிடும். புது ராம் என்று பில் போடும் முன் இதைச் செய்து பாருங்கள்.

இன்டர்ஃபேஸில் பெரிங்கர் யூஎம்2, போக்கஸ்ரைட் ஸ்கார்லெட் இரண்டில் என் ஓட்டு ஸ்கார்லெட் பக்கம். பெரிங்கர் யூஎம்2 மலிவு. கண்டென்சர் மைக்குக்குத் தேவையான 48 வோல்ட் பேன்டம் பவர், டைரக்ட் மானிட்டர் எல்லாம் இருக்கிறது. ஆனால் விண்டோஸில் அதற்கு ஏஎஸ்ஐஓ4ஆல் என்ற பொது டிரைவரைத்தான் (ஏஎஸ்ஐஓ என்பது லேட்டன்சியைக் குறைக்கும் டிரைவர் முறை) நம்ப வேண்டும். போக்கஸ்ரைட் ஸ்கார்லெட்டுக்கு அந்த நிறுவனமே எழுதிய ஏஎஸ்ஐஓ டிரைவர் உண்டு. பஃபரை இறக்கி வாசிக்கும் பையனுக்கு இது பெரிய வித்தியாசம். பாடகருக்கு அவ்வளவு இல்லை, அவர் யூஎம்2விலேயே காலம் தள்ளலாம். மிருதங்கமோ ஆர்மோனியமோ கூட உட்கார்ந்தால் கணக்கு மாறும்: யூஎம்2, ஸ்கார்லெட் சோலோ இரண்டிலும் மைக் வாசல் ஒன்றுதான், இரண்டு மைக்குக்கு ஸ்கார்லெட் 2ஐ2 வேண்டும். யூஎஸ்பி மைக் ஒற்றைக் குரலுக்குச் சரி. இரண்டை ஒன்றாகப் போட்டால் விண்டோஸில் இழுபறிதான்.

முழுக் காசையும் ரீஃபர்பிஷ்டு (சரிபார்த்து மறுபடி விற்கும் பழைய) டெஸ்க்டாப்பில் போடலாமா? பையனுக்கு மட்டும் இது நியாயமான கேள்வி. எட்டாம் தலைமுறை ஐ5க்கு ஆறு கோர். விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏறுவதும் இன்டெல்லில் அங்கிருந்துதான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. பெரியவருடைய கம்ப்யூட்டரில் நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, ரெக்கார்டிங்குக்கு மட்டும் வைத்துக்கொண்டால் விண்டோஸ் 10லேயே ஓட்டலாம். ப்ளக்இன் (ரெக்கார்டிங் மென்பொருளுக்குள் சேர்க்கும் வாத்திய, எஃபெக்ட் நிரல்) இறக்குவது, லைசென்ஸ் சரிபார்ப்பது என்று தினமும் நெட்டில் கிடப்பவனுக்கு அது முடியாது. ஆகவே பையன் இப்போதைக்கு எஸ்எஸ்டியும் சொந்த டிரைவர் உள்ள இன்டர்ஃபேஸும் வாங்கட்டும். செகண்ட்ஹேண்டில் 8 ஜிபி ராம் கிடைத்தால் சேர்த்துக்கொள்ளட்டும். அடுத்து காசு சேரும்போது டப்பாவை மாற்றலாம். இன்டர்ஃபேஸ் இல்லாமல் ஆறு கோர் வாங்கி, போர்டின் பின்பக்கப் பச்சைத் துளையில் ஹெட்போனைச் சொருகி வாசிப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

மேக் மினி எம்1 செகண்ட்ஹேண்ட் நல்ல சாமான்தான். டிரைவர் தொல்லை கிடையாது, கராஜ்பேண்ட் இலவசம். ஆனால் பட்ஜெட் தாங்காது, பின்னால் ராம் கூட்டவும் முடியாது. கிராஃபிக்ஸ் கார்டு இந்த வேலைக்குத் தண்டச் செலவு. ரெக்கார்டிங் மென்பொருளுக்கு ரீப்பர் போதும்: 60 நாள் முழு வசதியோடு ஓட்டிப் பார்க்கலாம், தனிநபர் லைசென்ஸ் 60 டாலர், பழைய கம்ப்யூட்டரையும் வதைக்காது.

நெய்வேலியை வைத்திருக்கும் மாவட்டத்திலேயே கரண்ட் சொல்லாமல் போகும் என்பதால் சின்ன யூபிஎஸ் ஒன்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். ஹம் சத்தம் வந்தால் முதலில் எர்த்தைப் பாருங்கள், மைக்கைக் குறை சொல்வதெல்லாம் பிறகு.

ரீஃபர்பிஷ்டுதான் என்று முடிவாகிவிட்டால், கடையிலேயே டப்பாவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ராம் ஸ்லாட் எத்தனை காலி, ஃபேன் எவ்வளவு இரைகிறது என்று பாருங்கள். உள்ளங்கை அளவு மினி மாடல்களில் அந்தச் சின்ன ஃபேன் சூடேறினால் கத்தும். ஆடியோவைத் தடுக்கும் டிரைவர்களைக் காட்டிக்கொடுக்கும் லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய்ப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். சிவப்பில் போனால் வைஃபையை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பெரும்பாலும் குற்றவாளி அந்த வைஃபை டிரைவர்தான். அதற்கும் அடங்கவில்லை என்றால் வேறு பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.